கடல் கடந்த குதிரைகளும் காலடித் தரையும்

தமிழக முஸ்லிம்களின் தொன்மையைப் பேசும் நூல்களிலும் விழா மலர்களிலும் குதிரை வணிகத்துக்கு ஒரு நிலையான இடமுண்டு. அரபுக் குதிரைகள் காயல் துறையில் வந்திறங்கின. பாண்டிய மன்னர்கள் அவற்றுக்குப் பொன்னை அள்ளிக் கொடுத்தனர். அவற்றைக் கொணர்ந்தோர் நம் முன்னோர். இராவுத்தர் என்னும் பெயரே அதற்குச் சான்று என்று எழுதி, அத்துடன் முற்றுப்புள்ளி வைத்துவிடுவது வழக்கம். நாமும் மாணவப் பருவத்தில் அவ்வாறே படித்தோம்; பின்னர் வகுப்பறையில் அவ்வாறே சொல்லியும் வந்தோம். கரையில் இறங்கிய குதிரைகள் அதன்பின் என்னவாயின என்று நாம் கேட்டதில்லை.

கேட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடை பெருமை தருவதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியைப் பற்றிப் பேசும் இரு பெரும் சாட்சிகளும், அக்குதிரைகள் விரைவில் நலிந்தன, மடிந்தன, அதனாலேயே ஆண்டுதோறும் புதியவை தேவைப்பட்டன என்று ஒருமித்துச் சொல்கின்றனர். இதற்கான காரணங்களாகத் தட்பவெப்பம், தீனி, லாடம், பயிற்சியின்மை ஆகியவற்றை வரலாற்றாசிரியர்கள் ஆராய்ந்துள்ளனர். ஆனால் அக்குதிரை இரவும் பகலும் எதன்மேல் நின்றது, எதன்மேல் படுத்தது என்பதைப் பற்றிய பேச்சு அரிது. இலாயத்துத் தரையும் அதன்மேல் பரப்பப்படும் விரிப்பும் வரலாற்றின் கண்ணுக்கு அற்பமானவை. குதிரைக்கோ அவை உயிர்ப் பிரச்சினை. காரைக்கால் போன்ற காவிரிக் கழிமுகக் கரையில், மழைக்கால ஈரத்தை அறிந்து வாழும் நமக்கு, அத்தரையைப் பற்றிச் சிந்திக்கத் தனியுரிமை உண்டு என்று கருதுகிறோம்.

இரு சாட்சிகள்

இக்கரைக்குக் குதிரை கடல்வழி வருவது இஸ்லாத்துக்கும் முற்பட்ட செய்தி. காரைக்காலுக்கு வடக்கே அமைந்த காவிரிப்பூம்பட்டினத்துத் துறைக்கு நீர்வழியே புரவிகள் வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் காணப்படுகின்றனர். எனவே இவ்வணிகம் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. எனினும் 13-ஆம் நூற்றாண்டில் அதன் கடல்வழித் தலைமை பாரசீக வளைகுடா, தென்னரேபிய முஸ்லிம் வணிகரின் கையில் இருந்தது என்பதில் ஐயமில்லை.

மார்க்கோ போலோ 1292-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மஅபர் எனப்பட்ட இக்கரையைக் கண்டவர். ஹுர்முஸ், கீஷ், ளஃபார், ஷிஹ்ர், ஏடன் ஆகிய துறைகளின் வணிகர் இங்குக் குதிரைகளைக் கொணர்ந்தனர் என்றும், இங்கு ஆண்ட சகோதர அரசர் ஐவரும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 குதிரைகள் வீதம் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதுகிறார். லாடம் கட்டி மருத்துவம் பார்ப்போர் இந்நாட்டில் இல்லை என்பதும், வணிகர்கள் அத்தகையோரைத் தாமும் அழைத்து வருவதில்லை, பிறர் வருவதையும் விரும்புவதில்லை என்பதும் அவருடைய குற்றச்சாட்டு. குதிரை இறந்தால் மறுபடியும் விற்கலாம் என்பதே அதன் காரணமாம். சமைத்த இறைச்சியும் சோறும் தீனியாகத் தரப்பட்டன என்றும் அவர் சொல்கிறார்.

இரண்டாம் சாட்சி ஷீராஸ் நகரத்து வஸ்ஸாஃப். ஈல்கானிய அரசின் வருவாய்த்துறையில் பணியாற்றிய இவர், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் பாரசீக வரலாற்று நூலை எழுதினார். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபீ ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப உடன்பாடு செய்திருந்தார். ஒவ்வொன்றின் விலையும் 220 செம்பொன் தீனார். அதற்கு முன்னர் அத்தாபக் அபூபக்கர் காலத்தில் மஅபர், கம்பாயத்து முதலிய துறைகளுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் சென்றன. அவற்றின் மதிப்பு 22,00,000 தீனார் என்பது அவர் கணக்கு. பத்தாயிரத்தை 220-ஆல் பெருக்கினால் தொகை பிசகின்றிப் பொருந்துகிறது. எனவே அவர் தருவது துறைமுகப் பேரேட்டிலிருந்து எடுத்த எண்ணாக இராமல், வணிகர் வட்டாரத்தில் வழங்கிய முழுமதிப்பீடாக இருக்கலாம். ஆயினும் வணிகத்தின் பருமனை அது உணர்த்தவே செய்கிறது.

குதிரைப் பராமரிப்பைப் பற்றி வஸ்ஸாஃப் சொல்வதுதான் நம் பொருளுக்கு நெருக்கமானது. பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த தானியத்தை நெய்யிட்டுக் கொடுத்தனர். காய்ச்சிய பசும்பால் குடிக்கச் செய்தனர். கொழுக்கவேண்டும் என்பதற்காக நாற்பது நாள் இலாயத்தில் கயிற்றாலும் முளையாலும் கட்டி வைத்தனர். பின்னர்ப் பயிற்சியின்றி ஏறி ஓட்டினர். வலிமையும் விரைவும் மிக்க குதிரைகள் சில நாளிலேயே மந்தமும் சோர்வும் அடைந்தன என்கிறார்.

இவ்விரு சாட்சியங்களையும் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. இருவருடைய தகவலிலும் விற்றவரின் குரலே மிகுதியாகக் கேட்கிறது. தாம் விற்ற பொருள் கெட்டால், வாங்கியவரின் அறியாமையைக் காரணம் காட்டுவது எக்காலத்து வணிகருக்கும் இயல்பு. ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்பதில் மிகை இருக்கலாம். அவ்வாறாயினும், ஓர் அரசு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருந்தது என்பது பெரும் இழப்பின்றி நிகழ்ந்திருக்க இயலாது.

நாற்பது நாள் நின்ற நிலை

வஸ்ஸாஃப் கூறும் அந்த நாற்பது நாளைச் சற்று நின்று நோக்குவோம். குதிரை நடக்கவேண்டிய விலங்கு. நடக்கும்போது குளம்பு விரிந்து சுருங்குகிறது. காலில் இரத்த ஓட்டம் அதனால் சீர்படுகிறது. கட்டுத்தறியில் நிற்கும் குதிரையோ தான் கழித்தவற்றின் மேலேயே நிற்கிறது. நன்கு வளர்ந்த குதிரை ஒன்று ஒரு நாளில் ஏறத்தாழ 14 கிலோ இலத்தியும் 9 லிட்டர் சிறுநீரும் கழிக்கிறது. நாற்பது நாளுக்குக் கணக்கிட்டால் ஒரே குதிரையிடமிருந்து அரை டன்னுக்கு மேற்பட்ட இலத்தியும் 360 லிட்டர் சிறுநீரும் அந்தச் சிறு இடத்தில் விழும். நூறு குதிரை கட்டிய இலாயத்தை வாசகர் கற்பனை செய்துகொள்ளலாம்.

இந்த ஈரத்தை ஏதேனும் ஒன்று உறிஞ்சவேண்டும், அல்லது அது வடிந்தோட வழிவேண்டும். இரண்டும் இல்லையெனில் முதலில் கெடுவது குளம்பு. ஓயாத ஈரத்தில் குளம்பின் கொம்புப்பொருள் மெதுமெதுத்துப் போகிறது. அடிக்குளம்பின் நடுவிலுள்ள முக்கோண மென்பகுதி அழுகி, கருநிறக் கசிவும் நாற்றமும் உண்டாகின்றன. அடுத்து மூச்சு. சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா எழுகிறது. தலை தாழ்த்தித் தீனி எடுக்கும் விலங்கும், படுத்துறங்கும் விலங்கும் தரையோரக் காற்றையே சுவாசிக்கின்றன. அங்கேதான் அந்த நெடி மிகுதி.

இங்கே தீனியும் தரையும் ஒன்றோடொன்று பிணைகின்றன. உடலுக்குத் தேவையானதைவிட மிகுதியாகப் புரதம் உண்ட குதிரை, மிஞ்சிய நைட்ரசனைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. நீரும் மிகுதியாகக் குடிக்கிறது. பாலும் இறைச்சியும் உண்மையிலேயே கொடுக்கப்பட்டிருந்தால், அவ்விலாயத்துத் தரை வழக்கத்தைவிட ஈரமாகவும் காரமாகவும் இருந்திருக்கும். தீனியைப் பழித்த நம் சாட்சிகள் இருவரும் அதன் விளைவு எங்கே சென்று தேங்கும் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது ஈ. குத்தி இரத்தம் குடிக்கும் இலாய ஈ, சிறுநீரும் இலத்தியும் கலந்து மட்கிய வைக்கோலில்தான் செழித்துப் பெருகுகிறது. குதிரைகளைக் கொல்லும் சர்ரா நோயின் நுண்ணுயிரியை 1880-இல் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தார். அந்நோயைக் குதிரைக்குக் குதிரை கொண்டு செல்பவை முதன்மையாகப் பெரிய குதிரை ஈக்கள். இலாய ஈயும் அதில் பங்கு பெறுகிறது. ஈர விரிப்பு குளம்பை மட்டுமன்றி மந்தை முழுவதையும் தாக்கக்கூடியது என்பதற்கு இது ஒரு காட்டு.

பருவத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். ஏடனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்படும் கலங்கள், தென்மேற்குப் பருவக்காற்றின் உக்கிரம் தணியும் ஆவணி மாதத்தில் பாய் விரித்தன. ளஃபாரிலிருந்து இந்தியாவுக்கு, காற்று வாய்த்தால், ஒரு மாதப் பயணம் என்கிறார் இப்னு பதூதா. அவ்வாறு வந்த குதிரை புரட்டாசியில் கரையிறங்கியிருக்கும். அதன்பின் நாற்பது நாள் கட்டப்பட்டால் ஐப்பசியும் கார்த்திகையும் குறுக்கிடும். தமிழ்க் கடற்கரையில் அவை அடைமழை மாதங்கள். வறண்ட பாலை நிலத்தில் பிறந்த விலங்கு, ஆண்டின் மிக ஈரமான நாட்களில், நடமாட்டமின்றி நிறுத்தப்பட்டது.

கப்பலிலும் அதற்கு நல்ல தரை வாய்க்கவில்லை. ஹுர்முஸ் கலங்களில் சரக்கை ஏற்றி, அதன்மேல் தோல்களைப் பரப்பி, அத்தோல்களின் மேல் குதிரைகளை நிறுத்தினர் என்று போலோ எழுதுகிறார். தோல் சரக்கைக் காத்தது; ஈரத்தை உறிஞ்சவில்லை. ஒரு மாதம் அவ்வாறு நின்று வந்த குளம்புகளே கரையில் மறுபடியும் நாற்பது நாள் நின்றன.

இரு மொழிகளில் இருந்த அறிவு

உலர்ந்த தரையின் தேவையை அக்காலத்தார் அறியாதிருந்தனரோ எனில், இல்லை. கிரேக்கரான செனஃபோன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே, ஈரமும் வழவழப்பும் உள்ள தரை நல்ல குளம்பையும் கெடுத்துவிடும் என்று சொல்லி, நீர் வடியச் சரிவும், குளம்பின் அளவான கற்கள் பதித்த தளமும் வேண்டும் என்றார். நம் நாட்டில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் குதிரை அதிகாரியின் கடமைகளை விவரிக்கும் பகுதியில், ஒவ்வொரு குதிரைக்கும் அதன் நீளத்தைப் பக்க அளவாகக் கொண்ட சதுரக் கொட்டடி வேண்டும், தரையில் வழவழப்பான பலகை வேண்டும், சிறுநீரும் இலத்தியும் வெளியேற வழி வேண்டும் என்று விதிக்கிறது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலிருந்து வண்ணப் படங்களுடன் 1952-இல் பதிப்பிக்கப்பட்டது. காரைக்காலிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் அரண்மனையில் அத்தகைய ஏடுகள் போற்றிக் காக்கப்பட்டன.

அரபு மொழியிலோ குதிரை மருத்துவம் ஒரு தனிக் கலையாக வளர்ந்திருந்தது. தியோம்னெஸ்தஸ் எனும் கிரேக்கக் குதிரை மருத்துவரின் நூல் அரபியில் பெயர்க்கப்பட்டது. அப்பாசியக் கலீஃபா அல்முஃததிதின் (892-902) குதிரைச்சாலைப் பொறுப்பாளர் இப்னு அகீ ஹிஸாம் குதிரையேற்றத்தையும் குதிரை மருத்துவத்தையும் பற்றி எழுதியது இத்துறையின் மூலநூல்களில் ஒன்று. எகிப்தின் மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் (மறைவு 1341) குதிரை மருத்துவர் அபூபக்கர் இப்னு பத்ர் இயற்றிய பெருநூல், அச்சுல்தானின் பெயரால் நாஸிரீ என்றே அழைக்கப்படுகிறது. அதனை நிக்கோலா பெர்ரோன் பிரெஞ்சில் பெயர்த்து 1852 முதல் 1860 வரை மூன்று பாகங்களாக வெளியிட்டார். அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அரபு நூலின் பிரெஞ்சு வடிவமும், வடமொழி நூலின் தஞ்சை ஏடும் ஒரே காலத்தில் இவ்வூருக்கு இரு பக்கமும் இருந்தன என்பது எண்ணத்தக்கது. குதிரை ஏற்றுமதியில் நேரடி ஈடுபாடு கொண்ட யமன் ரசூலிய அரச மரபிலும், சுல்தான் அல்முஜாஹித் அலீ (ஆட்சி 1321-1363) குதிரைகளைப் பற்றி நூல் எழுதினார்.

விரிப்பைப் பொறுத்தவரை மேற்காசியாவில் ஒரு சிக்கனமான வழக்கம் இருந்தது. 1550-களில் உதுமானியத் தலைநகரில் ஐரோப்பியத் தூதராயிருந்த புஸ்பெக், துருக்கியர் வைக்கோலை விரிப்பதில்லை, குதிரையின் இலத்தியையே வெயிலில் காயவைத்துப் பொடியாக்கிப் பரப்புகின்றனர் என்று எழுதியுள்ளார். பாரசீகத்திலும் அவ்வழக்கம் நிலவியது. வைக்கோல் அருமையும் வெயில் மலிவும் உள்ள நாட்டில் அது அறிவார்ந்த முறையே. பகல் முழுவதும் உலர்ந்த பொடி இரவில் ஈரத்தை உறிஞ்சும். மறுநாள் அதையே மீண்டும் உலர்த்தலாம். ஆனால் அந்த முறை வெயிலையே நம்பி நிற்பது. அடைமழையில் அதைப் பின்பற்றினால் உலராத இலத்தியின் மேல் குதிரையை நிறுத்துவதாகவே முடியும். சொந்த நாட்டில் பழகிய முறையை இங்கே பெயர்த்து நட இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மார்க்கச் சட்டமும் இங்குக் குறுக்கிடுகிறது. தமிழ்க் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி எல்லா விலங்குகளின் சிறுநீரும் சாணமும் அசுத்தமே. ஹனஃபீ மத்ஹபில் குதிரையின் சிறுநீர் இலேசான அசுத்தம் என்பது இமாம் அபூஹனீஃபாவின் நிலை. ஐவேளை தொழும் ஷாஃபிஈ குதிரைக்காரருக்கு, தெறிக்காத தரையும் ஆடையில் ஒட்டாத விரிப்பும் வணக்கத்தோடு தொடர்புள்ள தேவைகள். இத்தகையவருக்கு இலத்திப் பொடியைவிட மணலும் வைக்கோலும் ஏற்றவை.

கழிமுகம் தந்தவை

இக்கரையில் ஈரத்தை உறிஞ்சும் பொருளுக்குப் பஞ்சம் இருந்ததா? இதைத்தான் நாம் அடுத்துக் கேட்கவேண்டும்.

முதலாவது நெல் வைக்கோல். காவிரிக் கழிமுகத்தில் அறுவடைக்குப் பின் வைக்கோற்போர் இல்லாத களம் இல்லை. அது மெத்தென்று இருக்கும். குதிரை தயங்காமல் படுக்கும். ஆனால் உறிஞ்சும் ஆற்றல் நடுத்தரமே. நாள்தோறும் நனைந்ததை அகற்றிப் புதியதைப் பரப்பவேண்டும். குதிரை அதைத் தின்னவும் செய்யும். பூஞ்சை பிடித்த வைக்கோல் மூச்சுக்கும் வயிற்றுக்கும் கேடு. ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே உலர்ந்த போரைக் கூரையின்கீழ் சேமிக்கவேண்டும்.

இரண்டாவது உமி. மலிவானது, இலேசானது. ஆனால் அதன் மேற்புறம் சிலிக்கா நிறைந்து வழவழப்பாக இருப்பதால் நீரை அதிகம் உறிஞ்சாது, கீழே வடியவிடும். அடியில் வடிகால் இருந்தால் பயன்படும். களிமண் தரையில் நேரே கொட்டினால் மேலே உலர்ந்தும் கீழே சேறாகவும் இருந்து கண்ணை ஏமாற்றும்.

மூன்றாவது மணல். கடற்கரைத் துறைகளுக்கு அது இறைவன் இலவசமாகத் தந்தது. பரும்மணல் நீரை உடனே கீழே விட்டுவிடும், குளம்பு உலர்ந்திருக்கும். மழையில் நனைந்த மணலைக் கூரைக்குள் கொட்டுவதில் பயனில்லை. உலர்ந்ததை முன்கூட்டியே சேர்த்துவைக்கவேண்டும். மணல்மேல் தீனியைச் சிதறவிட்டால் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும்; அது குடலில் தங்கி வயிற்றுவலியை உண்டாக்கும். எனவே மணல் விரித்த இலாயத்தில் தீனித்தொட்டி கட்டாயம்.

நான்காவது தென்னை நார்க்கழிவு. நார் எடுத்தபின் மிஞ்சும் இத்தூள், தன் எடையைப்போல் எட்டு மடங்கு நீரைத் தாங்கவல்லது என்பர். இன்று தமிழ்நாட்டிலிருந்து கட்டிகளாக்கப்பட்டு ஏற்றுமதியாகும் இப்பொருளை, தோட்டத்துக்கு மட்டுமன்றிக் கால்நடை விரிப்பாகவும் பயன்படுத்துகின்றனர். உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு மிகும். அதைக் கழுவி உலர்த்தியபின்பே பரப்பவேண்டும்.

இவற்றில் தனித்து நின்று முழுமை பெறுவது எதுவுமில்லை. கழிமுகத்துக்கு ஏற்றது, அடியில் வடியும் மணலும் மேலே உறிஞ்சும் வைக்கோலுமாக இரண்டடுக்கு. அடுக்கு எதுவாயினும், நனைந்ததை அன்றன்றே அகற்றும் கை வேண்டும். அக்பரின் குதிரைச்சாலைப் பணியாளரைப் பட்டியலிடும் அபுல் ஃபஸ்ல், தம் ஆயினே அக்பரியில் மருத்துவரையும் லாடமடிப்பவரையும் சொல்வதோடு நிற்கவில்லை. நீர் சுமப்பவரையும் தரை கூட்டுபவரையும் தனிப் பணியாளராகக் குறிக்கிறார். பன்னிரண்டாயிரம் குதிரை கட்டிய பேரரசனின் சாலையில் துடைப்பம் பிடித்தவருக்கும் பதவிப் பெயர் இருந்தது.

ஆக, அறிவு இருந்தது, பொருளும் இருந்தது. இரண்டும் இருந்தும் குதிரைகள் ஏன் மடிந்தன?

நட்டம் யாருடையது?

வஸ்ஸாஃப் தரும் ஒரு செய்தியைப் பலர் பெருமையோடு எடுத்தாள்வர். நமக்கோ அதுவே உறுத்துகிறது. வழியில் இறந்த குதிரைக்கும் உரிய விலையை அரசன் தன் கருவூலத்திலிருந்து கொடுத்துவிடவேண்டும் என்பது உடன்பாடு. இவ்வழக்கம் ஓர் அரசோடு ஒழியவில்லை. விசயநகரத்தைப் பற்றி எழுதிய போர்ச்சுகீசியர் நூனிஸ், சாளுவ நரசிம்மன் கடலில் இறந்த குதிரைக்கும் வாலை மட்டும் காட்டினால் விலை கொடுத்தான் என்று குறிப்பிடுகிறார். இருநூறு ஆண்டு இடைவெளியில், வேறு வேறு அரசர்களிடம், அதே ஏற்பாடு.

ஃபிக்ஹு நூல்களைப் பாடம் சொல்பவருக்கு இது எளிதில் சீரணமாகாது. விற்கப்பட்ட பொருள் வாங்கியவரின் கைக்குச் சேருமுன் அழிந்தால், அந்த நட்டம் விற்றவரையே சாரும் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளுக்கும் பொதுவான அடிப்படை. எந்தப் பொருளின் நட்டத்துக்குப் பொறுப்பேற்கவில்லையோ அதிலிருந்து இலாபம் பெறுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற அறிவிப்பு அபூதாவூதிலும் திர்மிதியிலும் உண்டு. அரசன் மனமுவந்து கொடுத்தது அன்பளிப்பே என்று வாதிடுவோர் இருக்கலாம். வாங்குபவரின் சம்மதம் பணத்தை ஆகுமாக்கலாம். வாயில்லா உயிரின் நிலையை அது மாற்றாது. செத்த குதிரைக்கும் உயிருள்ள குதிரைக்கும் ஒரே விலையெனில், கப்பலில் தோலின்மேல் ஒரு கட்டு வைக்கோலைப் பரப்ப எவர் மெனக்கெடுவார்?

கரையிலும் இதே முடிச்சு. குதிரையைப் பராமரிக்க அறிந்தவர் விற்பவரின் பக்கத்தில் இருந்தார். குதிரை மடிந்தால் அவருக்கு நட்டமில்லை. நட்டப்பட்டவர் அரசர், அந்த அறிவு அவருடைய இலாயத்துக்காரரின் கைக்கு எட்டவில்லை. அரண்மனை ஏட்டில் இருந்த வடமொழி விதியும், கெய்ரோவின் அரபு நூலும் துடைப்பம் பிடித்தவரிடம் வந்து சேரவில்லை. இவ்விரு கரைகளையும் இணைக்கக்கூடிய இடத்தில் ஒருவர் இருந்தார். ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராகவும் துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் விளங்கினார் என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். வாங்கும் அரசின் கருவூலமும் விற்கும் குடும்பத்தின் வணிகமும் ஒருவர் கைக்குள் வந்தன. அவரை நம் சமுதாயத்தின் பெருமைச் சின்னமாகவே இதுவரை எழுதி வந்துள்ளோம். அவருடைய திறமையை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நாற்காலியில் அமர்ந்தவர், குதிரைகள் ஏன் மடிகின்றன என்று கேட்கவேண்டிய கடமை உள்ளவராகவும், கேட்டால் குடும்பத்துக்கு இழப்பு நேரும் நிலையில் உள்ளவராகவும் இருந்தார் என்பதையும் வரலாறு எழுதும்போது சேர்த்தே எழுதவேண்டும்.

இதற்கு எதிர்மறையான ஒரு காட்சியை நம் இளமையில் கண்டுள்ளோம். நாகூருக்கு வரும் ஸியாரத்துக்காரர்களை நம்பிப் பிழைத்த ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தார். அவருக்கு எழுத்தறிவு இல்லை. மழை பிடிக்குமுன் அரசலாற்று மணலைச் சாக்குகளில் கட்டித் திண்ணையில் அடுக்கிவிடுவார். பஜ்ரு தொழுகைக்குப் பின் நனைந்த வைக்கோலை வாரி வெளியே போட்டுவிட்டு, குதிரை நின்ற இடத்தில் தாம் வெறுங்காலோடு சற்று நேரம் நிற்பார். காலில் ஈரம் தட்டினால் மேலும் இரண்டு கூடை மணல் விழும். ஏன் இவ்வளவு பாடு என்று ஒரு நாள் கேட்டோம். “இது படுத்தா நாங்க அஞ்சு பேரும் படுத்துடுவோம் தம்பி” என்றார். நட்டம் தமக்கே என்று உணர்ந்தவரின் காலுக்கு, ஈரம் நூலின்றித் தெரிந்தது.

குதிரைக்கு இஸ்லாம் தந்துள்ள இடம் சாதாரணமானதன்று. ஆதியாத் அத்தியாயத்தில், விரிவுரையாளர் பலரின் கருத்துப்படி, பாய்ந்தோடும் குதிரைகளின் மீதும் அவற்றின் குளம்பில் தெறிக்கும் பொறியின் மீதும் இறைவன் ஆணையிடுகிறான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குதிரையின் முகத்தைத் தம் மேலாடையால் துடைத்ததையும், அக்குதிரையின் பொருட்டுத் தாம் இரவில் கண்டிக்கப்பட்டதாகச் சொன்னதையும் இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிந்துள்ளார்கள். அபூஹுரைரா (ரலி) வழியாக புகாரியில் வரும் அறிவிப்பு இன்னும் நுட்பமானது. இறைவழியில் நம்பிக்கையோடு ஒருவர் கட்டி வளர்த்த குதிரையின் தீனியும் குடிநீரும் மட்டுமன்றி, அதன் இலத்தியும் சிறுநீரும்கூட மறுமையில் அவருடைய தராசில் வைக்கப்படும் என்பது அதன் கருத்து. தீனி போடுவது எவருக்கும் மகிழ்ச்சியான வேலை. கழிவை அள்ளுவதோ யாரும் பார்க்காத, பாராட்டாத வேலை. அவ்வேலைக்கும் தராசில் எடை உண்டு என்று சொன்ன மார்க்கம், இலாயத்துத் தரையை அற்பமாகக் கருதவில்லை.

குதிரை வணிக வரலாற்றை நாம் தொடர்ந்து எழுதத்தான் வேண்டும். கடலை வென்ற துணிவும், பிறமத அரசர்களின் நம்பிக்கையைப் பெற்ற நாணயமும் அவ்வரலாற்றில் உள்ளவையே. எத்தனைக் குதிரை வந்தது, எவ்வளவு பொன் கிடைத்தது என்று எழுதும் அதே பக்கத்தில், எத்தனை எஞ்சியது, எதன்மேல் நின்றது என்பதையும் எழுதினால்தான் கணக்கு நேராகும். அந்த எண்ணிக்கை நம் பேரேடுகளில் இல்லாது போயினும், இருக்கவேண்டிய பேரேட்டில் இருக்கிறது. வல்லாஹு அஃலம்.